சும்மா சுற்றிப் பார்த்த மொன்றியல்

எண்பதுகளில் அகதியாக வந்து மொன்றியலில் இரண்டு குளிர்காலங்களைக் கடந்த பிறகும் நானும் என் கணவரும் அந்த நகரத்தில் எதையும் பார்த்திருக்கவில்லை. குடிவரவு அலுவலகம் தெரியும். உடுப்புத் தோய்க்கும் கடை தெரியும். புவாண்ட்-கிளேரில் அவர் வேலை செய்த களஞ்சியத்துக்கு எந்த பஸ்ஸில் இறங்கி எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று தெரியும். நான் வேலை செய்த தையல் தொழிற்சாலையின் பின்கதவு தெரியும். அகதி விசாரணை முடியும்வரை ஊர் பார்ப்பது ஏதோ அனுமதி இல்லாத காரியம் என்பதுபோல எங்களுக்கு ஒரு நினைப்பு.

அந்த நாள்களில்தான் ஜித்தாவிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் திருகோணமலையில் என் கணவரோடு ஒரே வகுப்பில் படித்த நண்பர். பக்கத்துக் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம். அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நான் அவரை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவேன். ஜித்தாவில் ஒரு விமானக் கம்பனி அலுவலகத்தில் அவருக்கு வேலை.

“கலியாணம் முடிச்சிட்டன் மச்சான். பொஞ்சாதியையும் கூட்டிக்கிட்டு ஒங்கட ஊரப் பாக்க வாறன்.”

“வா, வா. எல்லாம் சுத்திக் காட்டுறன்” என்றார் என் கணவர். ரிசீவரை வைத்த பிறகுதான் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது, சுற்றிக் காட்டப்போவது யார் என்று.

அக்டோபர் தொடக்கத்தில் இருவரும் நகரின் வடபகுதியான மொன்றியல்-நோரில் இருந்த எங்கள் இரண்டாம் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். நானாவுக்குக் கம்பனி தந்தது சலுகை டிக்கெட். விமானத்தில் இருக்கை காலியாக இருந்தால் ஏற்றுவார்கள், இல்லாவிட்டால் இல்லை. “ஆகாயத்தில நான் ராசா, தரையில பக்கிரி” என்று அவரே தன்னைச் சொல்லிச் சிரித்தார். ஹோட்டலுக்கும் வழியில்லை, டாக்சிக்கும் வழியில்லை. தேனிலவுக்கு அவர்களுக்கு வாய்த்தது எங்கள் வரவேற்பறைச் சோபா.

புதுப்பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். வந்த அன்றைக்கே குசினிக்குள் வந்து என் காதுக்குள் சொன்னாள்.

“அக்கா, இறைச்சி ஒண்டும் வேணாம். ஹலால் எங்க கிடைக்கும் எண்டு நீங்க அலையாதீங்க. மீனும் முட்டையும் போதும்.”

எனக்குப் பெரிய ஆறுதல். எங்கள் சட்டிகளில் முன்பு என்னென்னவோ வதங்கியிருந்தபடியால், அவர்களுக்கென்று அலுமினியச் சட்டி ஒன்று புதிதாக வாங்கியிருந்தேன். அந்த ஊர்சுற்றலில் எங்களுக்கு வந்த ஆகப் பெரிய செலவு அதுதான்.

சனிக்கிழமை காலை முட்டை சான்ட்விச் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். ஒருமுறை டிக்கெட் எடுத்தால் ட்ரான்ஸ்பர் துண்டு ஒன்று தருவார்கள். அதை வைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து மெத்ரோவுக்கும் மெத்ரோவிலிருந்து பஸ்ஸுக்கும் மாறலாம். ஆகவே எங்கே போகிறோம் என்பதை நாங்கள் தீர்மானிக்கவில்லை, அந்தத் துண்டுதான் தீர்மானித்தது.

பஸ் மலைப்பக்கமாகத் திரும்பியபோது புதுப்பெண் யன்னலோடு ஒட்டிக்கொண்டு கத்தினாள். “அந்தா பாருங்க, பள்ளி!”

காலைப் பனிப்புகாருக்குள், மலைச்சரிவில், மிகப் பெரிய பச்சைக் குவிமாடம் ஒன்று தெரிந்தது. என் கணவர் அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். ஆனாலும் ஒரு கணம்கூடத் தயங்காமல் சொன்னார். “ஓம், அதுதான் இஞ்சத்தப் பெரிய பள்ளிவாசல். உங்களுக்குக் காட்டத்தானே இந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்தனான்.”

பஸ்ஸை விட்டு இறங்கி மலையேறினோம். படிகள் முடிகிற மாதிரித் தெரியவில்லை. பாதி வழியில் புகார் விலகியது. நானா நின்று, இடுப்பில் கை வைத்து, அண்ணாந்து பார்த்தார்.

“மச்சான், ஒங்கட பள்ளிக்கு மேல சிலுவையெல்லோ நிக்குது.”

என் கணவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “இஞ்ச அப்பிடித்தான் கட்டுறவங்கள்” என்றார்.

நானா சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, வந்தது வந்திட்டம். லுஹர் தொழுகைக்கு நேரமாகுது. கால் கழுவ இடம் இருக்குதா எண்டு கேளுங்க” என்றார்.

கழிப்பறை பளிங்குபோலச் சுத்தமாக இருந்தது, காசும் கேட்கவில்லை. முஸ்லிம் விருந்தாளிகளோடு ஊர் பார்ப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய காட்சி கிடையாது என்பதை அந்த நாள்களில் நான் கற்றுக்கொண்டேன். பெண்கள் பக்கம் புதுப்பெண்ணோடு நான் போனேன். அவள் முகம் கை கழுவி, சப்பாத்தைக் கழற்றி, ஒரு காலைத் தூக்கிக் கைகழுவும் பேசினுக்குள் வைத்தாள். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பிரெஞ்சு மூதாட்டி உள்ளே வந்தார்.

அந்தத் தேவாலயம் கால் நடக்க முடியாதவர்கள் வந்து வேண்டிக்கொள்ளும் இடம். உள்ளே சுவர் நிறைய ஊன்றுகோல்கள் தொங்குவதை நாங்கள் பிறகுதான் பார்த்தோம். பேசினுக்குள் இருந்த காலைக் கண்டதும் மூதாட்டியின் முகம் அப்படியே உருகிவிட்டது. “மால்? மால்?” என்று, வலிக்கிறதா என்பதுபோலக் கேட்டபடி ஓடிவந்து, கைப்பையிலிருந்து வெள்ளைக் கைலேஞ்சியை எடுத்து, அந்தக் காலை ஒற்றி ஒற்றித் துடைத்தார். ஆட்களோடு பேச எனக்குத் தெரிந்த பிரெஞ்சு ‘போன்ஜூர்’, ‘மெர்சி’, ‘பியாங்’ ஆகிய மூன்றும்தான். அதில் இரண்டைச் சொல்லிப் பார்த்தேன். அவர் விடுவதாக இல்லை.

“அக்கா, கால் சுகமாயிட்டு எண்டு சொல்லுங்க, பாவம்” என்றாள் புதுப்பெண்.

“பியாங்! பியாங்!” என்றேன் நான், நலம் என்ற பொருளில். அவளும் காலைக் கீழே இறக்கி, கதவு வரைக்கும் விறுவிறுவென்று நடந்து போய்த் திரும்பி வந்து காட்டினாள். மூதாட்டி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு எங்கள் இருவர் கன்னத்திலும் முத்தம் தந்தார். அன்று அங்கே ஓர் அற்புதம் நடந்ததாக அவர் வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

வெளியே புல்தரையில் அடுத்த பிரச்சினை, கிப்லா, அதாவது தொழும்போது நோக்க வேண்டிய மக்காவின் திசை, எந்தப் பக்கம் என்பது. மொன்றியலில் திசைகள் எல்லாம் கொஞ்சம் திருகியவை. ஊரார் வடக்கு என்று சொல்லும் பக்கத்தில் சூரியன் மறையும். என் கணவர் கீழே தெருப்பக்கம் கையை நீட்டி, “அதுதான் கிழக்கு. தெருப் பலகையிலேயே எழுதியிருக்கு” என்றார். நானா சட்டைப்பையிலிருந்து சின்னத் திசைகாட்டியை எடுத்து விரித்தார்.

“இது வடகிழக்கு எண்டு சொல்லுதே, மச்சான்.”

“அப்ப உன்ர சாமான் பழுதாப் போச்சு.”

“பொறு, பொறு. எங்கட ஒபிஸில உலக உருண்டை ஒண்டு இருக்கு. இஞ்சையிருந்து மக்காவுக்கு நூல் புடிச்சா, அது வடக்கால வளைஞ்சுதான் போகுது. எனக்கு வேண்டியதும் வடகிழக்குத்தான்.”

பிழையான கிழக்கைக் காட்டி என் கணவர் ஏறக்குறையச் சரியான கிப்லாவைக் காட்டியிருந்தார். அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை.

நானாவும் புதுப்பெண்ணும் என்னுடைய பழைய போர்வையை விரித்துத் தொழ நின்றார்கள். நாங்கள் இருவரும் தள்ளி ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். சாப்பாட்டுப் பை நடுவில் புல்லில் இருந்தது. கொழுத்த சாம்பல் அணில் ஒன்று மரத்திலிருந்து இறங்கி, எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, பைக்குள் தலையை விட்டது. தொழுகிறவர்களுக்குப் பக்கத்தில் சத்தம் போட முடியாது. என் கணவர் வாயைத் திறக்காமல் கையை வீசினார், காலை உதறினார், கடைசியில் தொப்பியை எறிந்தார். தொப்பி போர்வையில் போய் விழுந்தது. அணில் சான்ட்விச் பொதியை இழுத்துக்கொண்டு புதருக்குள் போய்விட்டது. புதுப்பெண்ணின் தோள் குலுங்கியதை நான் கண்டேன். தொழுகை முடிந்ததும் சிரிக்கவே இல்லை என்று அடித்துச் சொன்னாள்.

பசியோடு மெத்ரோ பிடித்துப் பழைய துறைமுகத்துக்குப் போனோம். ஆற்றங்கரையில் பொரித்த உருளைக்கிழங்கு விற்கும் வண்டி ஒன்று நின்றது. வாசனை எல்லோரையும் இழுத்தது. ஆனால் எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள்? பன்றிக் கொழுப்பில் பொரிக்கிற இடங்களும் உண்டு என்று தொழிற்சாலையில் கேள்விப்பட்டிருந்தேன். பன்றிக்குப் பிரெஞ்சில் ‘போர்’ என்பதும் அங்கே கற்றதுதான். நான் முன்னுக்குப் போய், உருளைக்கிழங்கைக் காட்டி, “போர்?” என்று கேட்டேன்.

விற்பவர் அன்பாகச் சிரித்து, ஆற்றுப் பக்கம் கையை நீட்டினார். துறைமுகத்துக்கும் அவர்கள் ‘போர்’ என்றுதான் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாது.

நான் தலையாட்டி மறுத்து மறுபடியும், “போர்? போர்?” என்றேன். அவர் வண்டியை விட்டு இறங்கி வந்து, என் தோளைப் பிடித்துத் திருப்பி, கப்பல்களைக் காட்டினார்.

என் கணவர் பின்னாலிருந்து சொன்னார். “ஏனப்பா அந்த மனுசனிட்டப் போர் எங்க, போர் எங்க எண்டு கேக்கிறாய்? போருக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்!”

நானா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். வேறு வழியில்லாமல் நான் மூக்கை விரலால் மேலே தள்ளிக்கொண்டு, நடுத்தெருவில், நல்ல சத்தமாகப் பன்றி மாதிரி உறுமினேன். விற்பவர் திகைத்துப்போய் நின்றார். பிறகு விளங்கிவிட்டது. “நோன், நோன்!” என்று சொல்லி, சூரியகாந்திப் படம் போட்ட எண்ணெய் டின்னைத் தூக்கிக் காட்டினார். காட்டிவிட்டு, அவரும் ஒருமுறை உறுமினார். வாங்கிய பொட்டலங்கள் இரண்டையும் வழிய வழிய நிரப்பித் தந்தார். ஆற்றங்கரைப் படியில் இருந்து நால்வரும் சாப்பிட்டோம். புதுப்பெண் உப்பு விரல்களை நக்கிக்கொண்டு, “அக்கா, அந்தச் சத்தத்த இன்னொருக்காப் போட்டுக் காட்டுங்க” என்று கெஞ்சினாள். போட்டுக் காட்டினேன். ஊரைவிட்டு வந்த பிறகு நான் அவ்வளவு சிரித்தது அன்றுதான்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் புறப்பட வேண்டும். விமான நிலையம் நகரத்துக்கு வெளியே வெகுதூரம். கீழ்வீட்டில் ஹெய்ட்டி நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார், டாக்சி ஓட்டுபவர். ஒரு சட்டி மீன்குழம்பு தந்தால் கூட்டிப் போவதாகச் சொன்னார். தந்தேன். கண்ணீரோடு விடைபெற்றுக்கொண்டு போனவர்கள் சாயந்தரம் அதே டாக்சியில் திரும்பி வந்து நின்றார்கள்.

“சீட் இல்ல” என்றார் நானா, கொஞ்சமும் கவலைப்படாமல்.

வியாழக்கிழமை இன்னொரு சட்டி மீன்குழம்பு. அன்றும் இடமில்லை. சந்தைக்குப் போய் விலை கேட்காமல் ஆப்பிள்களைப் பார்த்தோம். மழை பெய்தபோது, நகரத்துக்கு அடியில் இருக்கும் கடைத்தெருக்களில் நனையாமல் நடந்தோம். சனிக்கிழமை நானும் என் கணவரும்கூட டாக்சியில் ஏறிப் போனோம். கடைசி நிமிடத்தில் அவர்களின் பெயரைக் கூப்பிட்டார்கள். இருவரும் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கதவடியில் புதுப்பெண் திரும்பி ஏதோ கத்தினாள்.

“என்ன சொல்கிறாள்?” என்று சைகையில் கேட்டார் ஹெய்ட்டிக்காரர்.

அடுத்த முறை பனியைப் பார்க்கக் குளிர்காலத்தில் வருவார்களாம் என்று நான் கையால் பனி கொட்டிக் காட்டினேன். அவர் தன் நெற்றியில் விரலால் தட்டி, அவர்களுக்குப் பைத்தியம் என்றார். வீடு வந்து சேரும்வரை தனக்குள் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

சொன்னபடியே ஒரு ஜனவரி மாதம் அவர்கள் வந்து இறங்கினார்கள். நானாவின் காலில் செருப்பு.