கடைசி வரிசைப் பன்னிரண்டு பீப்பாய்கள்

காசில்டா உர்பீனா எங்கள் லபஸ்டீடா ஊர் ஒயின் நிலவறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தாள். பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் மேசையில் நான் இருந்ததால் அவளைத் தினமும் பார்ப்பேன். வேலை நாட்களில் பூண்டு தின்ன மாட்டாள். தலைக்கு மணமில்லாத சோப்புதான். காலிப் பீப்பாய்க்குள் வெந்நீரும் சங்கிலியும் போட்டு உருட்டிக் கழுவுவாள். பிறகு துவாரத்தில் மூக்கை வைத்து, அதில் மறுபடி ஒயின் ஊற்றலாமா கூடாதா என்று சொல்வாள். மாதம் ஒருமுறை, பீப்பாயின் ஓக் மரம் குடித்துவிட்ட அளவுக்கு ஒயின் நிரப்பி மூடுவதும் அவள்தான்.

அந்த ஜனவரியில் ரிசர்வ் என்ற உயர்ரக ஒயினுக்குப் பீப்பாய்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வருடம் ஓக்கில் கிடந்த சிவப்பு ஒயின். நிலவறைத் தலைவர் எலாதியோ மேல் துவாரத்தில் கண்ணாடிக் குழாயை விட்டு ஒயினை எடுத்து, முகர்ந்துகொண்டே வந்தார். கடைசி வரிசையின் பன்னிரண்டிலும் வினிகர் வாடை. காசில்டா குறையாக நிரப்பியதால் காற்றுப் புகுந்து கெட்டுவிட்டது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பன்னிரண்டையும் வினிகர்காரனுக்கு அனுப்புவதாகவும், அவளைப் பாட்டில் கழுவும் இடத்துக்கு மாற்றுவதாகவும் முடிவு.

“மூக்கை வீட்டிலயே வெச்சுட்டு வந்தியா, காசில்டா?” என்று கேட்டார் எலாதியோ.

அவர் கழற்றி வைத்திருந்த தக்கையை அவள் எடுத்து, அதைச் சுற்றியிருந்த துணியை முகர்ந்தாள். பிறகு பீப்பாயின் முன்னால் மண்டியிட்டு, முன்பலகையின் துளையை அடைத்திருந்த சின்ன மர ஆணியைக் குறடால் பிடுங்கி, பீறிட்ட ஒயினைக் கோப்பையில் பிடித்து நீட்டினாள்.

எலாதியோ முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். வேறு பீப்பாயில் பிடித்தாயா என்று கேட்டார். ஆணியைத் திரும்பச் செருகிய பின்னும் அவள் விரலிலிருந்து ஒயின் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஒயின் நல்லாத்தான் இருக்கு. நாத்தம் துணியில. இந்த வரிசைக்குப் போன வருஷத் துணியையே சுத்தச் சொன்னது நீங்கதான். அது புளிச்சுக் கிடக்கு. மேல குழாயை விட்டா அந்த வாடைதான் வரும்.”

மற்ற பதினொன்றையும் முன்துளையில் பிடித்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் சுவைத்துத் துப்பிக்கொண்டே வந்தவர், ஒன்பதாவது கோப்பையில் துப்புவதை நிறுத்திவிட்டு விழுங்க ஆரம்பித்தார். லேபிள் மேசைப் பெண்கள் எல்லாரும் வாசலில் கூடிவிட்டோம்.

ரிசர்வ் என்று பீப்பாயில் குறியிடுவது தலைவரின் வேலை. எலாதியோ சுண்ணக்கட்டியை அவளிடம் கொடுத்தார். பன்னிரண்டு பலகையிலும் அவள் குறியிட்டாள். எழுத்து ரொம்பப் பெரிசாக இருக்கிறதே என்றார்.

“வாசல்ல நிக்கிறவங்களுக்கும் தெரியட்டும். நீங்க போய்ப் புதுத் துணி எடுத்துட்டு வாங்க. திறந்து கிடந்தா நிஜமாவே கெட்டுப்போகும்.”

அவரே படியேறிப் போனார். அதன்பின் அவள் ஓய்வு பெறும்வரை, அவள் முகராத பீப்பாய் எதுவும் ரிசர்வுக்குப் போகவில்லை.