ஹப் என்ற சொல்லும் நான் வாசிக்காமல் விட்ட வரியும்

போர்ட் கிள்ளானில் என் அடுக்குமாடிக்கு எதிரே, மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்த மனையில் ஒரு தகரக் கொட்டகை எழும்பியிருக்கிறது. அதன் நெற்றியில் 'ஹப்' என்று பெரிய எழுத்து. இந்தப் பக்கம் இப்போது எல்லாமே ஹப்தான்: ரயில் ஹப், சரக்கு ஹப், ஹலால் ஹப். காவலுக்கு நின்ற மலாய்க்காரரிடம், "இது என்ன ஹப்?" என்று மலாயில் கேட்டேன். கிழவனுக்குப் பசி என்று நினைத்துவிட்டார். "பெலும் புக்கா லா, பாக்சிக்," என்றார். இன்னும் கடை திறக்கவில்லை, பெரியவரே என்கிறார். தன் பொட்டலத்திலிருந்து ஒரு வாழைப்பழ பஜ்ஜியை எடுத்து நீட்டினார். சொல்லுக்குப் பொருள் தேடிப் போனவன் பஜ்ஜி தின்றுகொண்டு வீடு திரும்பினேன்.

ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவன் நான். அகராதியைப் புரட்டினேன். ஹப் என்றால் வண்டிச் சக்கரத்தின் குடம். ஆரக்கால்கள் வந்து சேரும் நடுக்கட்டை. இங்கிலாந்தில் வெகுகாலம் தச்சர்களின் வாயிலேயே கிடந்த சொல். பிறப்பு உறுதியில்லை, அடுப்போரத் திட்டைக் குறித்த ஒரு பழைய சொல்லுக்கு உறவு என்கிறார்கள். பிறகு ஓர் அமெரிக்கர், தம் நகரத்தாரின் செருக்கைக் கேலி செய்ய, ஊரை உலகத்தின் குடம் என்பதுபோல எழுதப்போக, அவர்கள் அதையே பட்டமாகச் சூடிக்கொண்டார்கள். அதன்பின் துறைமுகமும் விமான நிலையமும் குடமாயின. எனக்கு உறுத்தியது வேறு. ஆரக்கால்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. எங்கள் குடும்பத்தில் அந்த நடுக்கட்டை நான்.

நாகூரிலிருந்து நான் முதலில் வந்தேன். கிள்ளானில் சாப்பாட்டுக் கடை வைத்தபின் தம்பி யூசுப்பை வரவழைத்தேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி ஊர்க் கடிதங்கள் மூத்தவன் பெயருக்கே வரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நான் உரக்க வாசிப்பேன். எழுத்து வராத யூசுப், கையில் மாவு காயக் காயக் கேட்டுக்கொண்டிருப்பான். ஒருமுறை, எனக்குத் தங்கையும் யூசுப்புக்கு அக்காவுமான மரியம், மகள் ஜமீலாவின் நிக்காஹுக்கு யூசுப் கட்டாயம் வரவேண்டும், தோளில் தூக்கி வளர்த்த மாமன் நிற்காமல் என் மகள் மணமேடை ஏறமாட்டாள் என்று எழுதியிருந்தாள். நோன்பு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் வந்ததே அவன் ரொட்டிக்காகத்தான். அந்த வரியை விட்டுவிட்டு வாசித்தேன். அதோடும் நிற்கவில்லை. அவனுக்கு வர விருப்பமில்லை என்று அவளுக்குப் பதில் எழுதினேன்.

கல்யாணம் முடிந்த செய்தியை அடுத்த கடிதத்தில் கேட்டபோது யூசுப் எழுந்து போய் மாவைப் பிசைந்தான். அதற்குப்பின் வீட்டுக்கு வீடு தொலைபேசி வந்தது, கைபேசி வந்தது; யூசுப்பும் மரியமும் பேசிக்கொள்ளவில்லை. அழைக்கவில்லை என்று அவனுக்குக் கோபம், வரவில்லை என்று அவளுக்கு.

சென்ற வாரம் ஜமீலா அழைத்தாள். "மாமா, உம்மாவுக்குத் திங்கக்கிழமை நெஞ்சுல ஆபரேஷன். சின்ன மாமாவப் பத்தியே கேட்டுக்கிட்டு இருக்காங்க. நீங்கதான் அவருகிட்ட சொல்லணும்." மறுபடியும் ஒரு சேதி என் வழியாக.

அன்றே நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு கிள்ளானுக்கு ரயிலேறினேன். தன் மகன் நடத்தும் கடையின் பின்மேசையில் யூசுப் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அண்ணனான என்னை 'நானா' என்றும் அக்காவை 'லாத்தா' என்றும்தான் அவன் கூப்பிடுவான்.

"வாங்க நானா. என்னா, மூஞ்சி சம்பல் மாதிரி செவந்து கெடக்கு?"

மரியத்தின் ஆபரேஷனைச் சொன்னேன். கடிதத்தையும் சொன்னேன். காரணம் எதுவும் சேர்க்கவில்லை. அவன் கையிலிருந்த வெங்காயத்தை முழுக்க உரித்து முடித்தான்.

"லாத்தா என்னைக் கூப்புட்டுச்சா?"

"கூப்பிட்டா."

"எம் பேரச் சொல்லி?"

"உன் பேரைச் சொல்லித்தான்."

"நிக்காஹ் அன்னைக்கு நான் இங்க ரொட்டி வீசிக்கிட்டு இருந்தேன் நானா. நீங்க கல்லாவுல உக்காந்து, 'சீக்கிரம் போடுறா'ன்னு கத்துனீங்க." கண்ணைப் புறங்கையால் துடைத்தான். "நம்பர் குடுங்க."

"நானே போட்டுத் தரேன்."

"நீங்க போட்டதெல்லாம் போதும் லா. நம்பர சொல்லுங்க."

அவனே ஒவ்வொரு எண்ணாக அழுத்தினான். காது மந்தம் என்பதால் ஒலியைக் கூட்டி வைத்தான். "லாத்தா, நாந்தான் யூசுப்பு" என்றான்.  "ஏண்டா, கெழவனாயிட்டியாடா?" என்றாள் அந்தப் பக்கம் மரியம். அவன் அழுதுகொண்டே சிரித்தான். கடிதத்தைப் பற்றி அவனே சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தான். "நானா இங்கதான் இருக்காரு. குடுக்கட்டா?"

"இப்ப வேணாண்டா," என்றாள் மரியம். "நீ பேசு."

நான் வெங்காயத் தோலைக் கூட்டி ஓரமாக ஒதுக்கினேன். இங்கே மணி மூன்று, அங்கே பன்னிரண்டரை. அவளுக்குப் பின்னாலிருந்து நாகூரின் லுஹர் பாங்கு எழுந்தது. பாங்கு முடியட்டும் என்று இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். இங்கே அந்தத் தொழுகையை நான் முடித்தாகிவிட்டது; அங்கே இப்போதுதான் கூப்பிடுகிறார்கள். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, பாங்குக்கு உரிய பதிலை உதட்டுக்குள் சொல்லியபடி, எழுவதா இருப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.