திரை போட்டு எடுத்த நடுகல்

கேமராவைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது, அன்றைய வேலை கெட்டது என்று. நடுகல்லுக்கு அலங்காரம் முடிந்திருந்தது. உச்சியிலிருந்து அடிவரை நல்லெண்ணெய், அதன்மேல் மஞ்சள், வெள்ளிக் கண்மலர், இடுப்பில் சிவப்புப் பட்டு, கழுத்தில் பெரிய சாமந்தி மாலை. வெளியே தெரிந்தது மூக்கு மட்டும்தான்.

"எப்படி கீது சாரு? போட்டோ எடுக்க வரோம்னு நேத்து போன் பண்ணீங்க இல்ல, அதான் பலமனேர் மார்க்கெட்டுக்கே போயி மாலை வாங்கிக்கினு வந்தேன்" என்றார் பூசாரி முனிரத்தினம். முகமெல்லாம் பெருமை. மாடு கறந்து டெய்ரிக்குப் பால் ஊற்றுவது அவர் பிழைப்பு. இந்தக் கல்லுக்குப் பூசை போடுவது அவர் வம்சத்துப் பொறுப்பு. மாடுகளை மீட்கப் போய் அம்பு பட்டுச் செத்த ஒரு வீரனின் கல் அது. ஊருக்கு அவன் மாட்டுக்காரசாமி.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிலையை முப்பரிமாண மாடல் ஆக்க, அதைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் படம் எடுப்போம். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்து ஒட்டும். அதற்கு எண்ணெய்ப் பளபளப்பு ஆகவே ஆகாது. இந்தப் பக்கம் நின்றால் மினுக்கல் ஓரிடத்தில், அந்தப் பக்கம் போனால் வேறிடத்தில். கம்ப்யூட்டர் குழம்பிப்போய் மூக்கைக் கொண்டுபோய் முதுகில் ஒட்டிவிடும்.

எங்களுக்கோ அந்த ஒரு நாள்தான். மறுநாள் காலை ரோடு அகலப்படுத்த மிஷின் வருகிறது. கல்லைத் தூக்கி, சற்றுத் தள்ளிக் கட்டியிருக்கும் புது மேடையில் வைக்கப் போகிறார்கள். தூக்கும்போது உடைந்துவிட்டால், இது இப்படித்தான் இருந்தது என்று சொல்ல எங்கும் எந்தப் பதிவும் கிடையாது.

எங்கள் பல்கலைக்கழகத் தொல்லியல் பிரிவின் டைரக்டர் திருப்பதிக்காரர். கோபம் வந்தால் தெலுங்கு, ரொம்பக் கோபம் வந்தால் இங்கிலீஷ். தமிழ் பேசினால் சமாதானமாக இருக்கிறார் என்று அர்த்தம். அன்று மாலையைப் பார்த்ததும் நேரே இங்கிலீஷுக்குப் போய்விட்டார்.

"இம்பாசிபிள். எல்லாத்தையும் ரிமூவ் பண்ணச் சொல்லுங்க."

நான் சொன்னேன். முனிரத்தினத்தின் முகம் சுருங்கிவிட்டது.

"வெறும் ஒடம்போடவா? நீங்க குளிக்கசொல்ல யாருனா போட்டோ எடுத்தா சும்மா இருப்பீங்களா சாரு?"

டைரக்டரின் கை தானாகப் போய்ச் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "இதி ராயி அண்டி. வெறும் கல்லு."

"கல்லு வோணும்னா குவாரிக்குப் போங்க. இங்க சாமிதான் கீது" என்று சொல்லிவிட்டு முனிரத்தினம் கல்லுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அவரை நகர்த்த எந்த மிஷினும் வரப்போவதில்லை.

இந்த வேலைக்கு வருமுன் சித்தூரில் ஸ்டுடியோ வைத்துக் கல்யாணம் எடுத்தவன் நான். அலங்காரம் முடியாத மணப்பெண் அறைக்குள் கேமராவோடு நுழைகிறவன் என்ன பாடு படுவான் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"பூசாரி, நீங்க குளிப்பாட்டும்போது ஜனங்க பாக்க மாட்டாங்களா?"

"அதுக்குத்தான் திரை போடுவோம்."

"உள்ள யாரு இருப்பாங்க?"

"நானு. தண்ணி எடுத்துக் குடுக்க ஒரு ஆளு."

"அந்த ஆளா நான் வரேன்."

மேலிருந்து கீழ்வரை என்னைப் பார்த்தார். "இன்னிக்கி கறி துன்னீங்களா?"

"இட்லிதான்."

"அப்ப கெணத்துல குளிச்சிட்டு ஈர வேட்டியோட வாங்க. இன்னொண்ணு. நீங்க எடுக்கற அந்தப் படத்த வேற யாரு பாக்கணும்னாலும் என்னக் கேக்கணும். உங்க பெரிய சாரா இருந்தாலும் சரி."

டைரக்டரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். "சரே" என்றார்.

நாலு மூங்கில் நட்டு வெள்ளை வேட்டிகளைச் சுற்றிலும் கட்டினார்கள். உள்ளே போனதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெயில் வேட்டியில் வடிகட்டப்பட்டு, நிழலே விழாத வெளிச்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு லைட் செட்டப் வாங்கித் தரச் சொல்லி ஆபீசில் எத்தனையோ தடவை கேட்டு வாய் வலித்திருக்கிறது.

முனிரத்தினம் சீயக்காய் தேய்த்து நிதானமாகக் குளிப்பாட்டினார். துடைத்தார், காயும்வரை விசிறினார். மஞ்சளுக்கு அடியிலிருந்து எழுத்துகள் வந்தன, மாடுகள் வந்தன, கடைசியில் முகம் வந்தது. மீசை இல்லாத முகம்.

"சின்னப் புள்ள சாரு" என்றார் மெதுவாக. 

நான் படம் எடுக்க எடுக்க வெளியிலிருந்து டைரக்டர் குரல் வந்துகொண்டே இருந்தது. "ஓவர்லாப் விட்டுப்போகாம எடுங்க! ஸ்கேல் வச்சீங்களா? கலர் கார்டு?"

"உங்க சாரு இன்னாத்துக்கு வெளிய நின்னுக்கினு மந்திரம் சொல்றாரு?" என்று கேட்டார் முனிரத்தினம்.

மறுநாள் மிஷின் வந்தது. சங்கிலி நழுவியது. கல் மூன்று துண்டானது. போனில் முனிரத்தினம் "சாரு" என்று மட்டும் சொன்னார், அப்புறம் அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அடுத்த வாரம் அவர் ஒரு கல்தச்சரை அழைத்துக்கொண்டு திருப்பதி ஆபீசுக்கு வந்தார். உடைந்த ஓரங்கள் நொறுங்கிப் போயிருந்தன. முழுக்கல்லின் அளவும் வளைவும் தெரிந்தால்தான் துண்டுகளைச் சரியாகச் சேர்க்க முடியும் என்றார் தச்சர். மாடல் என் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. டைரக்டர் அதுவரை அதைப் பார்க்கவில்லை. அந்த எழுத்துகளைப் படிக்க அவர் துடித்தது எனக்குத் தெரியும். ஆனால் கேட்கவில்லை.

டைரக்டர்தான் முதலில் பேசினார். தமிழில். "முனிரத்தினம் காரு, திறக்கலாமா?"

முனிரத்தினம் அறையைச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடிக் கதவு. வெளியே மாணவர்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். தோள் துண்டை எடுத்துக் கதவில் பிடித்துப் பார்த்தார், எட்டவில்லை. டைரக்டர் எழுந்து பீரோவைத் திறந்தார். ஏதோ விழாவில் அவருக்குப் போர்த்திய சால்வையை எடுத்து வந்து, கதவை மறைத்துத் தன் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். முகம் கதவுப் பக்கம், முதுகு எங்கள் பக்கம்.

"இப்பத் தொறங்க" என்றார் முனிரத்தினம்.

திறந்தேன். உடையாத கல் திரையில் மெல்லச் சுழன்றது. முனிரத்தினம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தார்.

"கை வலிக்கப் போவுது. துணிய ஆணில மாட்டிட்டு நீங்களும் வாங்க சாரு. நீங்களும் இப்ப உள்ளாளுதான்."

கல் ஒன்றுசேர்ந்து புது மேடையில் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பார்க்க நாங்கள் வைத்திருப்பது அலங்காரம் செய்த படம். அதில் மூக்கு மட்டும்தான் தெரியும். ஆராய்ச்சி செய்கிறவர்கள் வெறும் கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் முனிரத்தினத்தின் நம்பரைக் கொடுத்துவிடுவோம். எதைப் படம் எடுக்கப் போனாலும் அதைக் குளிப்பாட்டி உடுத்திவிடுகிறவர் யார் என்று முதலில் கேளுங்கள், கேமரா அப்புறம். நான் கற்றது அவ்வளவுதான்.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போன் செய்கிறவர்களிடம் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "இன்னிக்கி கறி துன்னியா?" இதுவரை எல்லோரும் இட்லி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.