கயிற்றைத் தொட்டவர் சுற்ற வேண்டும்

வேனை நிறுத்தியதும் அவர் முதலில் செய்வது கயிற்றை நனைப்பதுதான். ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலிருந்து அதை உருவி, முழு நீளத்துக்கும் ஒரு உதறு உதறி, நடுப்பகுதியை மட்டும் இடது உள்ளங்கையில் சுருட்டிக்கொள்வார். பக்கத்தில் நிற்கும் ஏதோ ஒரு குழந்தையின் பாட்டிலை வாங்கி, மிச்சமிருக்கும் தண்ணீரை அதன்மேல் கவிழ்த்து, கைக்குட்டையைப் பிழிவதுபோல் ஒரு பிழி. பிறகு ஒரு முனையைப் பள்ளியின் இரும்புக் கதவுக் கம்பியில் கட்டிவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்துபோய் ஒரே ஒரு சுற்று. ஈரக் கயிறு தரையில் ‘சப்’பென்று அறைய வேண்டும். அறையாவிட்டால் இன்னொரு பாட்டில்.

சின்ன வகுப்புகள் விட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் பெரிய வகுப்புகளுக்கு மணி அடிக்கும். இரண்டிலும் அவருடைய வேன் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த அரை மணி நேரம் கயிறு சுற்றும். அவர் வண்டியில் வராத பிள்ளைகளும் வரிசையில் வந்து நிற்கும். நான் அந்தப் பள்ளியின் நூலகத்தில் வேலை பார்த்தேன். என் ஜன்னல் வாசலைப் பார்த்தபடி இருந்தது. புத்தகங்களுக்கு அட்டை போடுகிற சாக்கில் நான் தினமும் பார்த்தது அதைத்தான்.

எல்லோருக்கும் அவர் வேன் அக்கா. அவரைவிட வயதில் மூத்த தலைமையாசிரியருக்கும் வேன் அக்காதான். வண்டியின் பக்கவாட்டில் பெயின்டை மீறி ஒரு பெரிய ரொட்டியின் படம் மங்கலாகத் தெரியும். முன்பு அது ஒரு ரொட்டிக் கம்பெனியின் வண்டி. அங்கே பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவர் இவர். ஒருநாள் விடிகாலையில் டிரைவர் வரவில்லை. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, “நான் ஓட்டுவேன்” என்றிருக்கிறார். அதுவரை வண்டியைப் பின்னால் எடுக்க மட்டும்தான் தெரியும்.

“பயமா இல்லையாக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“இருந்துச்சு லைப்ரரி தம்பி. ஆனா கத்துக்கிட்டு வர்றேன்னு சொன்னா எவன் வண்டியக் குடுப்பான்? அன்னைக்குப் பூரா ரெண்டாவது கியர்லயே ஓட்டினேன். ரொட்டி போய்ச் சேந்துச்சுல்ல?”

கம்பெனி மூடியபோது சம்பள பாக்கிக்குப் பதில் அந்த வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவது அப்படித் தொடங்கியது. வேறு பிழைப்பு அவருக்குக் கிடையாது.

தண்ணீர் விஷயத்தை அவர் கண்டுபிடித்ததும் கயிற்றால்தான். முன்பெல்லாம் கயிற்றை நனைக்க மூன்று பாட்டில்களின் அடித்தண்ணீரைச் சேர்க்க வேண்டியிருக்கும். ஒரு வாரம் முதல் பாட்டிலிலேயே கயிறு முழுக்க நனைந்து, தரையும் நனைந்து, அப்புறமும் தண்ணீர் இருந்தது. மூடியைத் திருகிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். பாட்டில் குருவியுடையது. மூன்றாம் வகுப்பு. கீச்சுக் குரலால் வந்த பெயர்.

“என்னடி இது? காலையில உங்கம்மா குடுத்துவிட்ட மாதிரியே இருக்கு.”

“தாகம் எடுக்கலக்கா.”

“பொய் சொல்ற மூஞ்சியப் பாரு. உதடு வெடிச்சுக் கெடக்கு.”

“குடிச்சா போகணும்ல?”

“போயேன். யாரு வேணாங்கறா?”

“பூட்டிட்டாங்கல்ல!”

அவர் ஒவ்வொரு பாட்டிலாக வாங்கித் தூக்கிப் பார்த்தார். பையன்களுடையது காலி. பெண் பிள்ளைகளுடையது எல்லாம் கனத்தது.

சின்ன வகுப்புப் பெண் பிள்ளைகளின் கழிவறையை யாரோ துணி திணித்து அடைத்துவிட்டார்கள். சுத்தம் செய்தாயிற்று. ஆனால் செய்தவள் ஒத்துக்கொள்கிறவரை திறக்க மாட்டேன் என்று தலைமையாசிரியர் தன் கையாலேயே பித்தளைப் பூட்டு போட்டுவிட்டார். இன்னொன்று பெரிய வகுப்புக் கட்டடத்தில் இருந்தது. டீச்சரிடம் கேட்டு, மைதானம் தாண்டி ஓடினால், அங்கே பெரிய பெண்கள் “போங்கடி பொடிசுகளா” என்று விரட்டுவார்கள். அதற்குள் இடைவேளை முடிந்துவிடும்.

மறுநாள் காலை நான் தலைமையாசிரியர் அறைக்குப் பேப்பர் கொண்டுபோனபோது வேன் அக்கா மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

“ஒருத்தி பண்ணதுக்கு எல்லாப் புள்ளைங்களும் அடக்கிக்கிட்டு இருக்கணுமா சார்?”

“ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கும்மா. ஒத்துக்கட்டும், மறு நிமிஷம் திறந்துவிடறேன். நீங்க உங்க வண்டியப் பாருங்க.”

“வண்டியத்தான் சார் பாக்கறேன். நேத்து பின் சீட்டு நனைஞ்சிருந்துச்சு. அழுதுக்கிட்டே எறங்கிப் போச்சு ஒண்ணு.”

தலைமையாசிரியர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

பாட்டு அன்று சாயங்காலம் தொடங்கியது. யார் தொடங்கினார்கள் என்று கேட்டால் ஜன்னலில் நின்று பார்த்த எனக்கே சொல்லத் தெரியாது. குதிக்கிறவள் ஒரு வரி சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் கயிறு தரையில் படும் இடத்தில் ‘பூட்டு’ என்று கத்தினார்கள். அடுத்தவள் உள்ளே புகுந்து இன்னொரு வரி சொன்னாள். சரியாக உட்காராத சொல்லில் கால் தடுக்கியது. தடுக்கிய சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை வைத்தார்கள். சில நாளில் அது இப்படி வந்து நின்றது:

ஒண்ணாம் மணிக்கு ஓடிப் போனேன் – பூட்டு!
ரெண்டாம் மணிக்குத் தேடிப் போனேன் – பூட்டு!
மூணாம் மணிக்கு முட்டிப் பாத்தேன் – பூட்டு!
நாலாம் மணிக்கு நெளிஞ்சு நின்னேன் – பூட்டு!
சாவியக் காட்டு! சாவியக் காட்டு!
காட்டாத ஆளு கயித்துக்குள்ள மாட்டு!

கடைசி வரி வேன் அக்காவுடையது. அதை மட்டும் என் காதால் கேட்டேன். அந்த வரியில் கயிறு இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். உள்ளே இருப்பவள் தாக்குப்பிடித்தால் ராணி.

பாட்டு வேனில் ஏறி வீடுகளுக்குப் போனது. மாடிப்படிகளில், கடை வாசல்களில், துணி காயும் மொட்டைமாடிகளில் குதித்தது. அர்த்தம் தெரியாத பையன்கள்கூடப் பந்து தட்டிக்கொண்டே ‘பூட்டு’ என்றார்கள். “அது என்னடி பூட்டு?” என்று அம்மாக்கள் கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டு அப்பாக்கள் பள்ளிக்கு போன் செய்தார்கள்.

தலைமையாசிரியர் என்னை அழைத்தார். மேஜைமேல் ஒரு தாளில் பாட்டைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார்.

“நீதான் புதுக்கவிதையெல்லாம் படிக்கிறவனாச்சே. இது யாரோட நடைன்னு சொல்லு பாப்போம்.”

தாளில் அது செத்துக் கிடந்தது. “இது யாரும் எழுதினதில்ல சார். கயிறு எங்க தரையில படுதோ அங்க அந்த வார்த்தை வருது. அவ்வளவுதான்.”

“அப்ப கயிறு எழுதிச்சுங்கறே?”

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“‘சாவியக் காட்டு’வாம்! என்னையே சாவியக் காட்டுன்னு கேக்கறாளுங்க!” அவர் தாளைக் கசக்கி எறிந்தார். ‘கயித்துக்குள்ள மாட்டு’ என்பதற்குக் கோபம் வராமல், சாவி என்றதற்கு ஏன் இவ்வளவு கொதிக்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மறுநாள் மதியம் குருவியையும் இன்னும் இரண்டு பேரையும் கொடிக்கம்பத்தடியில் வெயிலில் நிற்க வைத்தார். பாட்டு கட்டியது யார் என்று சொல்கிறவரை நிற்க வேண்டும்.

“எப்பவும் உள்ள பாட்டு சார்,” என்றது ஒன்று.

“எங்கம்மா சின்ன வயசுலேயே பாடினாங்க சார்,” என்றது இன்னொன்று.

“உங்கம்மா காலத்துலேயே இந்தப் பூட்டு இருந்துச்சா?”

குருவி யோசித்தது. “பூட்டு எல்லாக் காலத்துலயும் இருக்கும்ல சார்?”

சின்ன வகுப்புகள் விட்ட பிறகும் அவர்களை அவர் விடவில்லை. வேன் அக்கா வந்தார், கொடிக்கம்பத்தைப் பார்த்தார். கயிற்றை நனைத்தார், கட்டினார், சுற்றினார். வரிசை சேர்ந்தது. பாட்டு கொடிக்கம்பம் வரை கேட்டது. தண்டனையில் நின்றவர்களின் குதிகால்கள் அவர்களையறியாமல் எழும்பின. பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்திருந்த அம்மாக்களும் அப்பாக்களும் வெளியே கூடி நின்றார்கள்.

தலைமையாசிரியர் வேகமாக வந்து, சுற்றிக்கொண்டிருந்த கயிற்றைப் பாய்ந்து பிடித்தார். ஈரம் அவர் வெள்ளைச் சட்டையில் சாய்வாக ஒரு கோடு இழுத்தது.

பாட்டு நின்றது. அந்த அமைதியில் கொடிக்கம்பத்தடியிலிருந்து கீச்சென்று ஒரு குரல்: “சார் அவுட்டு!”

யாரோ ஒரு அப்பா தும்முவதுபோல் சிரிப்பை மறைத்தார். வேன் அக்கா தன் கையிலிருந்த முனையைத் தலைமையாசிரியரிடம் நீட்டினார்.

“கயித்தத் தொட்டவங்கதான் சார் அடுத்து சுத்தணும். ஆட்டத்துல அப்படித்தான்.”

“விளையாடறீங்களா?”

“ஆமா சார். விளையாடத்தான் செய்யறோம்.”

“யாரு கட்டின பாட்டு இது? கடைசியாக் கேக்கறேன்.”

“நான் கட்டினது. மொதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் நான்தான். ஆள் கெடைச்சாச்சுல்ல? அந்தப் புள்ளைங்கள நிழலுக்கு விடுங்க.”

தலைமையாசிரியர் கயிற்றை உதறிக் கீழே போட்டார். “நாளையிலேர்ந்து உங்க வண்டி இந்த வாசலுக்குள்ள வரக் கூடாது. வேற வண்டி பாத்துக்கச் சொல்லி எல்லாப் பெத்தவங்களுக்கும் சொல்லிடறேன்.”

“தாராளமாச் சொல்லுங்க. எதுக்குன்னும் சேத்துச் சொல்லுங்க. பூட்டத் திறக்கச் சொன்னதாலன்னு.”

கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, மூன்று பேரையும் தானே போய்க் கைபிடித்து அழைத்துவந்து வண்டியில் ஏற்றினார். யாரும் தடுக்கவில்லை.

அவருடைய கணவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் குறிப்பவர்; வம்பென்றால் எதிர்த் தெருவில் நடப்பவர். அன்று வீட்டில் நடந்ததை அக்காவே பிறகு என்னிடம் சொன்னார்.

“ஒரு மன்னிப்பு கேட்டா என்ன கொறைஞ்சு போயிடும் உனக்கு? நாளைக்குச் சோத்துக்கு என்ன பண்றது?” என்றாராம்.

“ஊரெல்லாம் சுத்தறீங்களே, வழியில அவசரம்னா என்ன பண்ணுவீங்க?”

“எங்கயாவது ஓரமா...”

“அந்த ஓரம் அதுங்களுக்குக் கெடையாது.”

காலையில் பார்த்தால், கணவர் யாரும் கேட்காமலே வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் இரண்டு வீட்டார் மட்டும் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் பிள்ளைகளை ஏற்றிவிட்டார்கள். வேன் அக்கா தெருவுக்கு எதிர்ப்புறம், ஜெராக்ஸ் கடை ஓரமாக நிறுத்தி இறக்கிவிட்டார்.

பள்ளிக்குள் கயிறு என்ற ஒன்றே இல்லாமல் செய்திருந்தார்கள். பைகளைச் சோதித்துப் பிடுங்கினார்கள். விளையாட்டு அறையிலிருந்தவையும் அலமாரிக்குள் போயின. இடைவேளை மணி அடித்தது. குருவி மைதானத்தின் நடுவில் போய் நின்றது. இரண்டு கைகளையும் மூடி, கயிறு பிடித்திருப்பதுபோல் மணிக்கட்டைச் சுழற்றி, குதித்தது. ஒன்றுமில்லாததைத் தாண்டித் தாண்டிக் குதித்தது. இரண்டாவதாக ஒருத்தி வந்தாள். பிறகு எண்ண முடியவில்லை. கயிறே இல்லாததால் யாருக்கும் கால் தடுக்கவில்லை, யாரும் அவுட் ஆகவில்லை. ‘பூட்டு’ என்னும்போது அத்தனை கால்களும் ஒன்றாகத் தரையில் இறங்கின. என் மேஜைமேல் பேனா உருண்டது. இடைவேளை முடிந்து மணி அடித்தது. மணியையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டார்கள். நடைக்கூடத்தில் நின்ற டீச்சர்களில் ஒருவர் அதட்ட வாய் திறந்து, மூடிக்கொண்டார். அவருடைய கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. விரட்டிக்கொண்டு வந்த பெரிய வகுப்புப் பெண்கள் விரட்டுவதை மறந்து கூடக் குதித்தார்கள்.

எதிர்ப்புறத்தில், பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகும் போகாமலிருந்த வேன் அக்கா வண்டியிலிருந்து இறங்கி நின்று பார்த்தார். உள்ளே வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை.

மாடி ஜன்னலில் தலைமையாசிரியரின் முகம் கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முன் மணியடிக்கும் அண்ணன் சுத்தியலும் உளியுமாக வந்தார். பித்தளைப் பூட்டு சுலபத்தில் உடையவில்லை. ஒவ்வோர் அடிக்கும் பிள்ளைகள் வகுப்புகளுக்குள்ளிருந்தே ‘பூட்டு’ என்றார்கள். கடைசி அடியில் அது தெறித்துச் சுவரோரம் விழுந்தது. திறக்க மனமில்லாத மனிதர் ஆத்திரத்தில் உடைக்கச் சொல்லிவிட்டார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

வேன் அக்காமேல் இருந்த தடையை அவர் கடைசிவரை நீக்கவில்லை. அக்காவும் போய்க் கேட்கவில்லை. ஜெராக்ஸ் கடை ஓரத்து விளக்குக் கம்பத்தில் கயிறு கட்டிக்கொண்டார். தெருவில் போகிறவர்களும் நின்று பார்க்க வசதியாயிற்று. விட்டுப்போன இரண்டு வீட்டில் ஒன்று திரும்பி வந்தது.

மணியடிக்கும் அண்ணன் ஓய்வு பெற்ற அன்று நூலகத்துக்குச் சொல்லிக்கொண்டு போக வந்தார். பேச்சு எங்கெங்கோ சுற்றி அந்தப் பூட்டுக்கு வந்தது. கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பூட்டின அன்னைக்கே சாருகிட்டேர்ந்து சாவி தொலைஞ்சு போச்சு தம்பி. எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.”