பட்டியலில் நான்காவது பெயர்

கல்லடியில் எங்கள் கழகத்தின் கிரிக்கெட் எப்போது வளர்ந்தது என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். பதில் தெரியும், சொல்ல வாய் வராது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகுதான் வளர்ந்தது. அதற்கு முன் எங்களிடம் இருந்தவை இரண்டு துடுப்பு மட்டையும் ஒரு டெனிஸ் பந்தும் காற்றில் சரியும் மூன்று தடிகளும்தான். பிறகு நிவாரணச் சாமான்களோடு கடினப்பந்து, கையுறை, கால்கவசம், ஹெல்மெட் என்று பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. ஆட்கள் குறைந்த நேரத்தில் சாமான் கூடியது. இதையா வளர்ச்சி என்பது? வளரவில்லை என்றும் சொல்ல முடியாதே.

வேறு எவனும் ஒத்துக்கொள்ளாததால் அணித்தலைவரும் நான், செயலாளரும் நான். கடல் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு சுற்றுப்போட்டிக்குப் பதினொரு பெயர் எழுதிக் கொடுத்திருந்தேன். நான்காவது பெயர் என் கூட்டாளியுடையது. முதலாம் வகுப்பிலிருந்தே என்னோடு படித்தவன். எங்கள் அணியில் இடக்கையால் ஆடுகிறவன் அவன் ஒருவன்தான். அவன் நின்றால் எதிரணிக்காரர் ஒவ்வொரு தடவையும் இடம் மாறி நிற்கவேண்டும், ஏசிக்கொண்டே மாறுவார்கள். அவனுக்கு அதில் பெரிய சந்தோசம்.

அவனைக் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. மரணப் பதிவுப் படிவத்தோடு கிராம சேவகர் மூன்று தரம் வந்தும் அவனுடைய அம்மா ஒப்பம் வைக்கவில்லை. "உடம்பக் காட்டுங்க, வெக்கிறன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பள்ளிக்கூட மைதானத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்த தகரக் கொட்டில் ஒன்றில்தான் அப்போது இருந்தார்.

தள்ளிப்போன போட்டி சில மாதம் கழித்து அதே மைதானத்தில் நடந்தது. பழைய பட்டியலில் உள்ளவர்கள் மட்டும்தான் ஆடலாம், வெளியாள் கூடாது என்று கண்டிப்பான சட்டம். எனக்குக் கிரானில் ஒரு மச்சான் இருந்தான். வேளாண்மைக்காரன். அவன் அடித்தால் பந்து வயல் வட்டையைத் தாண்டிப் போய் விழும். பட்டியலில் ஒரு பெயர் சும்மாதானே கிடக்கிறது என்று நினைத்தேன். இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

"இண்டைக்கு நீதான்டா அவன்" என்றேன் மச்சானிடம்.

"பாவம்டா. செத்த ஆள்ட பேர்லயா?"

"வாயப் பொத்திக்கொண்டு ஆடு."

ஒலிபெருக்கியை மறந்துபோனேன், மடையன். மைதானத்து வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள், அதன் வாய் தகரக் கொட்டில்களைப் பார்த்தபடி இருந்தது. நான்காவதாகக் களமிறங்குபவர் என்று அறிவிப்பாளர் என் கூட்டாளியின் பெயரைத் தகப்பன் பெயரோடு சேர்த்து முழுதாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மாமி, கூட்டாளியின் அம்மா, ஓடி வந்தார். மீன் வெட்டிக்கொண்டிருந்த கை, செதில்கூடக் கழுவவில்லை. எல்லைக்கோட்டில் வந்து நின்றார். நடுவில் நிற்கிறவனோ ஹெல்மெட் போட்டிருக்கிறான், முகம் தெரியாது. அடுத்து ஆட இருந்த நான் கால்கவசத்தைக் கட்டிக்கொண்டு மாமியையே பார்த்தேன்.

மச்சான் சும்மா விளாசினான். ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பெயர் ஊர் முழுக்கக் கேட்டது. மாமி மணலில் உட்கார்ந்துவிட்டார். அவன் ஆட்டமிழந்து வரும்போது நான் எதிரே ஓடினேன்.

"ஹெல்மெட்டக் கழட்டாத. நேரா பள்ளிக்கூடத்துக்குப் பின்னால போ."

மாமி எழுந்து என்னிடம் வந்தார். கன்னத்தில் விழப்போகிறது என்று நினைத்தேன்.

"அடுத்த மெச் எப்ப மனே?"

"சனிக்கிழம, மாமி."

ஐயோ, என்ன வேலை பார்த்துவிட்டேன்! மகன் உயிரோடு இருக்கிறான் என்று நம்பிவிட்டார், இனி ஒருநாளும் ஒப்பம் வைக்கமாட்டார் என்று பயந்தேன். உண்மையைச் சொல்லவென்று இரண்டு தரம் கொட்டிலுக்குப் போனேன். இரண்டு தரமும் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். பெயரை எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். அடுத்தடுத்த போட்டிகளிலும் எழுதினேன். சண்டை மூண்டு கிரான் பாதை மூடிய காலத்தில் வேறு யாராவது அந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார்கள். மாமி குடையோடு ஒவ்வொரு மெச்சுக்கும் வந்தார். ஓட்டப் புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே ஓட்டங்கள் ஏறிக்கொண்டே போயின. உயிரோடு இருந்தபோது அவன் இவ்வளவு நன்றாக ஆடியதே இல்லை. ஒரு கட்டத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எனக்கே குழம்பிப்போனது.

யுத்தம் முடிந்தது. பெரிய சுற்றுப்போட்டி ஒன்று வைத்தார்கள். ஆடும் பதினொரு பேரும் அடையாள அட்டை காட்டவேண்டுமாம். இனி ஒளிக்க வழியில்லை. மாமியிடம் போனேன். அப்போது கல்வீடு கட்டி முடித்திருந்தார்.

"மாமி, இந்த முற அவன்ட பேர் வராது."

"ஏன் மனே?"

"அது அவன் இல்ல மாமி. கிரான்ல இருக்கிற என்ட மச்சான். நான்தான் செஞ்சன்." சொல்லிவிட்டு அழுதேன்.

மாமிக்குக் கோபம் வந்தது. "என்ன மனே, என்னப் பேய்ச்சி எண்டு நினைச்சியா? நான் பெத்த புள்ள இடக்கை. அந்தப் பொடியன் வலக்கையால நிண்டான். முதல் பந்திலயே தெரியும்."

"அப்ப ஏன் மாமி வந்தீங்க?"

"முதல் மெச்சில நிண்டது அவன் இல்ல எண்டு கண்டன், மறுகிழமையே ஒப்பம் வெச்சிட்டன். அதுக்கு மறுகா வீட்டுல ஒருத்தரும் அவன்ட பேரச் சொல்றல்ல, நான் அழுவன் எண்டு பயம். நீங்க மட்டுந்தான் சொன்னீங்க. அதுவும் மைக்கில."

ஐந்து வருடமாக யார் யாரை ஏமாற்றினோம்? எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து பட்டியலை எடுத்தேன். அட்டை கேட்பது பதினொரு பேருக்குத்தானே. பதினொன்றுக்குக் கீழே, மேலதிக ஆட்டக்காரர் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதினேன்.

போட்டியன்று அறிவிப்பாளர் பெயர்களை வாசித்தார், கடைசிப் பெயர் வரைக்கும். மரத்தடியில் குடையோடு இருந்த மாமி அதைக் கேட்டுவிட்டுச் சீலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். மெச் பார்க்க நிற்கவில்லை.

அறிவிப்பாளர் மைக்கை மூடிக்கொண்டு என்னிடம் கேட்டார், "பன்னிரண்டாவது ஆள் எங்க தம்பி? வந்திட்டாரா?"

"ஓம், வந்திட்டான்" என்றேன்.