கூடத்தில் போட்ட பலகை

புவானுக்குக் கல்யாணம் ஆகவில்லை. சீனாவின் சுவான்சோ கடற்கரையில் அவள் ஊருக்கு அது ஒரு விஷயமே இல்லை, அவள் சாகப்போகிற வயசு வரும்வரை. அதுவரை சிப்பி உடைத்தாள். அவள் உடைத்த சிப்பியில்தான் தம்பி தியாம் வளர்ந்தான், பெண்டாட்டி கட்டினான், வீட்டுக்கு ஓடு மாற்றினான்.

அங்கே யாருக்காவது இழுத்துக்கொண்டிருந்தால், ஒரு கதவைக் கழற்றி, முன்னோர்கள் பெயர் பொறித்த கட்டைகளாக இருக்கும் கூடத்தில் இரண்டு பெஞ்சு மேல் போட்டுக் கிடத்துவார்கள். அந்தக் காலத்தில் பிரபுக்கள் வீட்டின் பிரதான அறையில்தான் உயிர் விட வேண்டுமாம். அதுதான் முறையான சாவு. அதிலிருந்து வந்தது சீனத்தில் நாலே எழுத்தில் எழுதும் அந்தச் சொல்: கூடத்தில் ஆயுசு முடிந்தது. ஒரு குறையும் இல்லாமல் போனார் என்று அர்த்தம். கல்யாணமாகாத பெண்ணுக்கு மட்டும் கூடம் கிடையாது. கொல்லைக் கொட்டகைதான்.

ஒருநாள் ஃபேன் நின்றுபோனது. தியாம் தட்டிப் பார்த்தான். "அவ்ளோதான். கூடத்துல ஆயுசு முடிஞ்சுது."

"ஃபேனுக்குக் கூட கூடம் உண்டா?"

"பேச்சுக்குச் சொல்றதுதான்க்கா."

"அப்ப எனக்கு?"

தியாம் ஃபேனையே பார்த்தான். "கொட்டகைக்கு லைட்டு போட்டுத் தரேன்க்கா."

மறுநாள் காலையில் புவான் தன் அறைக் கதவைக் கழற்றினாள். கூடத்தில் பெஞ்சு மேல் போட்டு, ஏறி உட்கார்ந்து, சிப்பி உடைக்க ஆரம்பித்தாள்.

குலத்துப் பெரியவர் ஓடி வந்தார். "என்னம்மா கூத்து இது? நீ இங்க செத்தா முன்னோருக்கு ஆகாது!"

"யாரு சாகறா? நான் சிப்பி உடைக்கறேன். காலை எடுங்க, ஓடு குத்தும்."

சிப்பிக்குத் தடை எதுவும் இல்லை. பெரியவர் முன்னோர்களைப் பார்த்தார். அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வருஷம்! அந்தப் பலகையிலேயே தூங்கினாள். விருந்தாளிகள் அதன் ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். வருஷப் பிறப்புப் படையலுக்கு மட்டும் காலை மடக்கிக்கொள்வாள்.

ஒரு குளிர்காலத்தில் கையில் கத்தி நிற்கவில்லை. பெரியவர் இரண்டு ஆட்களோடு வந்தார், கொட்டகைக்குத் தூக்கிப்போக. தியாம் எழுந்து போய் அக்கா காலடியில், அந்தப் பலகை மேலேயே உட்கார்ந்தான்.

"தூக்குங்க. ரெண்டு பேரையும் சேர்த்துத் தூக்குங்க."

தியாம் கனத்த ஆள். வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

"நகர்ந்து உக்காருடா, கால் நசுங்குது" என்றாள் புவான். விடிவதற்குள் போய்விட்டாள்.

தியாம் வாசலில் ஒட்ட அந்த நாலெழுத்தை எழுதினான். பெரியவர் எட்டிப் பார்த்தார். "பொம்பளைக்கு 'உள்ளறையில'ன்னுதான்டா எழுதணும்."

"உள்ளறையில சாகலையே, மாமா. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

தியாமுக்குக் கண்ணீரில் கண் தெரியவில்லை, பசையைத் தாளின் முன்பக்கத்தில் தடவிவிட்டான். இன்னொரு தாள் எடுத்து, அதே நாலெழுத்தை இன்னும் பெரிதாக எழுதினான்.