சாவு வீட்டுக்கு ஆகாத கயிறு

பிணத்தை வைக்கும் ஐஸ் பெட்டியை வேனில் கொண்டுபோய் இறக்குவதும், எடுத்துவருவதும் சிங்காரத்தின் தொழில். கடலூர் மாவட்டத்தில் எந்த ஊரில் சாவு விழுந்தாலும் போவான். பெட்டி இறக்கியவனுக்குக் குவார்ட்டர் வாங்கித் தருவது செத்தவருக்குச் செய்யும் மரியாதை. வேண்டாம் என்று அவன் சொன்னதில்லை.

போன தை மாதம் அவனுக்கு வயிறும் காலும் வீங்கிவிட்டன. மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் மனைவி புஷ்பவள்ளியைத் தனியே கூப்பிட்டார். இன்னும் குடித்தால் ஈரல் தாங்காது, ஆள் இருக்க மாட்டார் என்றார். குடியும் சர்க்கரை மாதிரி ஒரு நோய்தான், மனநலப் பிரிவுக்குத் தவறாமல் கூட்டி வரவேண்டும் என்று சொல்லி, குடி ஆசையை அடக்கும் மாத்திரை கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து புருஷனை உருப்படாதவன் என்றுதான் ஊர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். நோயாளி என்று ஒருவரும் சொன்னதில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, தூங்கி விழுந்த அவன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அவன் அண்ணன் சடையப்பன் ஒப்பவில்லை.

“நோவுன்னா அதுவா வரணும். இவன் காசு குடுத்துல்ல வாங்கினு வரான்? பைத்தியக்கார டாக்டராண்ட போனா நாளைக்கு உம் பொண்ண எவன் கட்டுவான்? சாமிகிட்ட கயிறு கட்டு, அடங்குவான்.”

முனீஸ்வரன் கோயிலில் கயிறு கட்டினார்கள். அதைக் கட்டிக்கொண்டு குடித்தவன் ரத்தம் கக்கிச் சாவான். கூடவே மாத்திரையும் கொடுத்தால் சாமியை நம்பாததுபோல் ஆகிவிடும் என்றார் பூசாரி. புஷ்பவள்ளி மாத்திரையைச் சாக்கடையில் கொட்டினாள்.

வீட்டில் அவன் குடிக்கவில்லை. ஒழுங்காகச் சாப்பிட்டான். பெட்டி இறக்கிவிட்டு வரும் நாட்களில் மட்டும் வாடை அடித்தது. பிணத்துக்குத் தெளித்த சென்ட் என்றான். நம்பினாள்.

ஆடியில், காடாம்புலியூரில் அவளுடைய சித்தப்பா இறந்தார். வேனில் அவளும் கூடப் போனாள். தெருமுனையில் வண்டியை நிறுத்தி, மணிக்கட்டிலிருந்து கயிற்றைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினான். தீட்டு வீட்டுக்குள் இது ஆகாது, கட்டிய நாளிலிருந்தே இப்படித்தான் என்றான்.

பெட்டியை இறக்கிவிட்டுப் பந்தலுக்குப் பின்னால் போனான். அவள் போய்ப் பார்த்தபோது டம்ளர் வாயருகே இருந்தது. கையைப் பிடித்தாள்.

“கையில கயிறு இல்லியே புஷ்பா. சாமிக்கு நான் ஒரு தப்பும் பண்ணல.”

“அது உன் ஈரலுக்குத் தெரியுமா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இனிமேல் பொட்டிக்கு மச்சான் காவல், மச்சானுக்குப் பொண்டாட்டி காவல் என்றான் ஒருவன். சிங்காரமும் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்: “முடியல புஷ்பா. வுடணும்னுதான் பாக்கறேன். முடியல.”

குடித்தான்.

ஐப்பசியில் கண்ணெல்லாம் மஞ்சளாகி, பேச்சு குழறி, அதே ஆஸ்பத்திரியில் கிடந்தான். மாத்திரை தவறாமல் கொடுத்தாளா என்று டாக்டரம்மா கேட்டார். புஷ்பவள்ளி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் திட்டவில்லை. இனி அந்த மாத்திரைக்கு வேலையில்லை என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் சடையப்பன் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தான். பக்கத்துக் கட்டில்காரர் என்னவென்று விசாரித்ததற்கு, தம்பிக்கு மஞ்சக்காமாலை என்றான். சிங்காரத்தின் காலைத் தடவிக் கொடுத்தான். கண் கலங்கியது.

“நோவுன்னு தெரிஞ்சா ஆரம்பத்துலயே காட்டியிருக்கக் கூடாதா? இன்னா பொம்பள நீ?”

புஷ்பவள்ளி சாத்துக்குடியைப் பிழிந்து ஸ்பூனால் ஊட்டினாள். உள்ளே இறங்கவில்லை. கடைவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, இன்னொரு ஸ்பூன் எடுத்தாள்.